கோசோங் ஆகிற தேதி

ஜொகூரில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் "தே ஓ கோசோங்" என்று சொன்னால் பாலும் சீனியும் இல்லாத தேநீர் வந்துவிடும். கோசோங் என்றால் மலாயில் வெறுமை. அதே சொல்லை ஆள்மீதும் போடுவார்கள். "அவன் கோசோங்" என்றால் அவனிடம் பெர்மிட் இல்லை என்று பொருள். தேநீருக்குச் சொல்லும்போது நாக்கில் சாதாரணமாக வரும் சொல், மனிதனுக்குச் சொல்லும்போது எனக்குத் தொண்டையில் நிற்கும்.

போன வாரம் மாசாயில் பழக்கமான ஒரு கடையில் உட்கார்ந்திருந்தேன். பகல் கூட்டம் கலைந்து, இலைகளை அள்ளி முடித்திருந்த நேரம். கடைக்கார அண்ணன் தன் கிளாஸை எடுத்துக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"மறுபடியும் புது சிஸ்டம் வருதாம், தம்பி. எனக்கு 2015 ஞாபகம் வந்துருச்சு. கம்ப்யூட்டர்னு வந்தா வேலை லேசாகணும். இந்தப் பெர்மிட் விஷயத்துல மட்டும் ஏன் தொடங்கும்போதெல்லாம் படுத்துக்குது?"

அவர் சொன்ன 2015 பலருக்கும் நினைவிருக்கும். அந்த ஜனவரியில்தான் தீபகற்ப மலேசியாவில் வெளிநாட்டுத் தொழிலாளர் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் வேலை கவுண்டரை விட்டு இணையத்துக்குப் போனது. அரசாங்கம் நியமித்த ஒரு தனியார் நிறுவனத்தின் தளம். ஓர் ஆளுக்கு 38 வெள்ளி சேவைக் கட்டணம். முதலாளிகள் சங்கங்கள் எதிர்த்துக் குரல் கொடுத்தன. இணையம் வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. கவுண்டரையும் கொஞ்ச காலம் திறந்து வையுங்கள் என்றுதான் கேட்டார்கள். அந்தக் கோரிக்கையில் எவ்வளவு நியாயம் இருந்தது என்பது போகப் போகப் புரியும்.

அண்ணனுக்குச் சொல்ல மேசையில் இருந்த காலிக் கிளாஸ்களையே எடுத்தேன்.

பெர்மிட் என்று நாம் சொல்வது ஒரே தாளாகத் தெரிகிறது. உண்மையில் அது பல அலுவலகங்களின் "சரி" ஒன்றாகச் சேர்கிற இடம். இந்தக் கிளாஸ் தொழிலாளர் துறை: 2023 ஜனவரி முதல், வெளிநாட்டு ஆளை வைக்க விரும்பும் முதலாளி 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 60கே பிரிவின்கீழ் அங்கே முன் அனுமதி வாங்க வேண்டும். இது கோத்தா, எத்தனை ஆள் எடுக்கலாம் என்கிற அனுமதி. சீனிப் போத்தல் குடிநுழைவுத் துறை. காலிங் விசாவும் பாஸும் லெவியும் அதன் பொறுப்பு. உணவகத்துக்கு ஆள் ஒன்றுக்கு ஆண்டு லெவி 1,850 வெள்ளி, தோட்டத்துக்கு 640. உப்பு ஜாடி ஃபொமெமா மருத்துவப் பரிசோதனை. அப்புறம் 2019லிருந்து வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் கட்டாயமான பெர்கேசோ சமூகப் பாதுகாப்பு. மருத்துவமனைக் காப்புறுதி தனி. இவற்றுக்கெல்லாம் அப்பால், ஆள் வருகிற நாட்டின் தூதரகம்.

"ஒவ்வொண்ணுக்கும் ஒரு பேரேடு இருக்குண்ணே. புதுசா வர்ற சிஸ்டம் இத்தனை பேரேட்டையும் ஒரே நேரத்துல படிக்கணும். ஒரு கிளாஸ்ல தண்ணி வரலேன்னாலும் கடைசிக் கிளாஸ் நிறையாது. ஆனா உங்க கண்ணுக்குக் கடைசிக் கிளாஸ் மட்டும்தான் தெரியும்."

அவர் கடையிலேயே இதற்கு ஓர் உதாரணம் இருந்தது. சில மாதங்களுக்கு முன் மேசைதோறும் கியூஆர் ஒட்டி, கைப்பேசியிலேயே ஆர்டர் எடுக்க ஆரம்பித்தார். முதல் நாள் பன்னிரண்டரை மணிக்கு நாற்பது ஆர்டர் ஒரே மூச்சில் அடுக்களைக்குப் போனது. தேநீர் ஆற்றும் தம்பி ஒருவர்தான். வாசலில் நின்ற வரிசை அடுக்களைக்குள் போய் நின்றது, அவ்வளவுதான். வாசலில் நின்றபோதாவது கண்ணுக்குத் தெரிந்தது; உள்ளே போனபின் யார் முன், யார் பின் என்பதே தெரியாமல் போயிற்று. அரசாங்க இணைய முறை தொடங்கும்போதும் இதுதான் நடக்கிறது. விண்ணப்பம் போடும் கதவை அகலமாக்குகிறார்கள். உள்ளே கோப்பைப் பார்த்துக் கையெழுத்து வைக்கும் அதிகாரிகளின் எண்ணிக்கை அப்படியே இருக்கிறது.

இது நம் ஊருக்கு மட்டும் வந்த கேடு என்று அண்ணன் நினைத்துக்கொண்டிருந்தார். அப்படி இல்லை. அமெரிக்காவில் பருவகால வேலைக்கு வெளிநாட்டு ஆட்களை எடுக்க ஒரு விசா உண்டு. அரையாண்டுக்கு 33,000 பேருக்கு மட்டும். 2019 ஜனவரி 1ஆம் தேதி அதற்கான விண்ணப்பக் கதவு இணையத்தில் திறந்தது. முதல் ஐந்து நிமிடத்தில் 97,800க்கும் மேற்பட்ட ஆட்களுக்கான விண்ணப்பங்கள் வந்து மோதி, முறை படுத்துவிட்டது. ஆறு நாள் கழித்து, 7ஆம் தேதிதான் மறுபடி திறந்தார்கள். அதன்பின் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. அதே ஆண்டு நடுவில் விதியை மாற்றினார்கள்: முதல் மூன்று நாளில் வரும் விண்ணப்பங்கள் அனைத்தும் ஒரே தகுதி, அவற்றுக்குள் யாருக்கு முதல் இடம் என்பதைக் குலுக்கி எடுப்பது. முதல் நிமிடத்தில் முந்த வேண்டிய அவசரமே போய்விட்டது. தைப்பூச அன்னதானத்தில் டோக்கன் கொடுத்தபின் தள்ளுமுள்ளு நிற்பதைப் போல.

"சரி, அது கூட்டத்தால வர்றது. கூட்டமே இல்லாதப்பவும் பேர் சரியில்லேன்னு திருப்பி அனுப்புதே?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன். கணினிக்கு மனிதனைத் தெரியாது. எழுத்தையும் எண்ணையும்தான் தெரியும். நம் ஆட்களுக்கோ குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. சிவகங்கையிலிருந்து வருகிற தம்பியின் இந்தியக் கடப்பிதழில் முருகேசன் என்று மட்டும் இருக்கும்; குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்பா பெயர் வேறொரு பக்கத்தில். இங்கே உள்ளூர்த் தமிழருக்கு நடுவில் "ஏ எல்" போட்டு அப்பா பெயரைச் சேர்ப்பது வழக்கம் என்பதால், படிவம் நிரப்புகிற குமாஸ்தா அந்தப் பழக்கத்தில் அப்பா பெயரையும் சேர்த்துவிடுவார். கிளினிக்கில் ஒருவர் முருகேசனுக்கு ஆங்கில "ஜி" போடுவார். இன்னொருவர் காதில் விழுந்தபடி "கே" போடுவார். கவுண்டரில் இருந்த அதிகாரி படத்தைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், "இரண்டும் ஒரே ஆள்தான்" என்று பேனாவால் திருத்தித் தந்துவிடுவார். அவர் செய்த அந்தச் சின்னக் காரியம் எந்த விதிப் புத்தகத்திலும் இல்லை. புதிய முறையை வடிவமைப்பவர்கள் விதிப் புத்தகத்தை வைத்து வடிவமைக்கிறார்கள். அதனால் அந்தப் பேனா காணாமல் போகிறது.

கடப்பிதழ் எண்ணும் அப்படித்தான். புதுக் கடப்பிதழ் எடுத்தால் எண் மாறும். மருத்துவப் பரிசோதனை பழைய எண்ணில், விண்ணப்பம் புதிய எண்ணில் என்றால் கணினியின் கணக்குப்படி பரிசோதனைக்குப் போனவர் வேறொருவர். உடம்பெல்லாம் நன்றாக இருந்தும் "பரிசோதனை செய்யவில்லை" என்று வரும். முறை தொடங்கிய முதல் மாதங்களில் இப்படிப்பட்ட முரண்கள் குவியும். காரணம், பத்து ஆண்டாகப் பல பேரேடுகளில் தனித்தனியாகக் கிடந்த பிழைகள் அன்றைக்குத்தான் முதல்முறையாக நேருக்கு நேர் சந்திக்கின்றன.

மெதுவாக ஓடினால் மட்டும் கேடு என்றும் நினைக்க வேண்டாம். வெளிநாட்டு ஆட்களை எடுக்க 2023 ஜனவரி 17ஆம் தேதி தொடங்கிய தளர்வுத் திட்டத்தில் அனுமதிகள் நாள்கணக்கில் கிடைத்தன. மார்ச் மாதம் 18ஆம் தேதி கோத்தாவை நிறுத்தியபோது அனுமதிக்கப்பட்ட ஆட்களின் எண்ணிக்கை கிட்டத்தட்டப் பத்து லட்சம். வேகமாகத்தான் ஓடியது. ஆனால் அந்த வேலை உண்மையில் இருக்கிறதா என்று போய்ப் பார்க்கிற கால்கள் அந்த வேகத்துக்கு இல்லை. அதே ஆண்டு டிசம்பர் 20ஆம் தேதி, இதோ நம் பெங்கெராங்கில், 171 வங்காளதேசத் தொழிலாளர்கள் சாலையோரமாகக் காவல் நிலையத்துக்கு நடந்தார்கள். ஏஜெண்ட் கூட்டிவந்து மாதக் கணக்கில் வேலையே தரவில்லை என்று புகார் கொடுக்கத்தான் போனார்கள். அவர்களையே பிடித்துக் குடிநுழைவுத் துறையிடம் ஒப்படைத்தார்கள். கடன் வாங்கி, கடல் தாண்டி, எல்லாத் தாளும் முறைப்படி போட்டு வந்தவர்கள். அந்த நடையின் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த ஆண்டு மே 31. அனுமதி பெற்றவர்கள் நாட்டுக்குள் வரக் கடைசி நாள். தேதி மாறாது என்று அரசாங்கம் உறுதியாக நின்றது. விமான டிக்கெட் கிடைக்காமலும் ஏஜெண்டுகளின் குளறுபடியாலும் கிட்டத்தட்ட 17,000 பேர் வங்காளதேசத்திலேயே நின்றுபோனார்கள். டாக்கா விமான நிலையத்தில் பெட்டியோடு காத்துக் கிடந்து திரும்பியவர்கள் எத்தனையோ பேர். விசா கையில் இருந்தது. தேதிதான் போய்விட்டது.

"அப்போ இந்தப் புது சிஸ்டத்தை யார் செய்யறாங்க?"

பழைய மைஇம்ஸ் முறைக்குப் பதிலாக ஒருங்கிணைந்த தேசியக் குடிநுழைவு முறை ஒன்றை உருவாக்க 2021ல் 116 கோடி வெள்ளிக்கு ஒப்பந்தம் போட்டு, 2023ல் அதை ரத்து செய்து, அடுத்த ஆண்டு வேறு நிறுவனத்திடம் கொடுத்தார்கள். காலிங் விசாவுக்கான முறையைப் பற்றியோ நாடாளுமன்றப் பொதுக் கணக்குக் குழு 2024ல் அறிக்கை வெளியிட்டது: அதிகாரம் இல்லாத 24 பயனர்கள் உள்ளே இருந்து கோத்தா விண்ணப்பங்களுக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். திரை பளபளப்பாக இருந்தாலும் சாவி யார் யாரிடம் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அண்ணனிடம் சொன்னேன். அவர் கல்லாவைத் திரும்பிப் பார்த்தார்.

எனக்கு இதில் ஒரே ஒரு வழக்குதான். திரை நின்றால் முதலாளிக்குப் பொழுது போகும், பணம் போகும். தொழிலாளிக்கு நிலையே மாறிவிடும். பாஸ் முடிந்த மறுநாள் காலையில் அவர் அதே அடுக்களையில் அதே சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருப்பார். சட்டத்தின் கண்ணில் வேறு ஆள். காலாவதியான பின் தங்கியிருந்தால் 10,000 வெள்ளிக்குக் குறையாத அபராதம், அல்லது ஐந்தாண்டுக்கு மிகாத சிறை, அல்லது இரண்டும். பாஸ் இல்லாதவரை வைத்திருக்கும் முதலாளிக்கு ஓர் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை. முறை நின்ற நாட்களை அந்தத் தேதியோடு கூட்டித்தர வேண்டும் என்கிறேன். சர்வர் மூன்று நாள் படுத்தால் எல்லாப் பாஸும் மூன்று நாள் தானாக நீள வேண்டும். அதற்காக யாரும் தனியே மனுப் போடக் கூடாது. செத்தியா துரோப்பிகா குடிநுழைவு அலுவலகத்தில் பேனா வைத்திருக்கும் ஓர் அதிகாரியோடு ஒரு கவுண்டராவது திறந்திருக்க வேண்டும். தன் விண்ணப்பம் எந்தக் கிளாஸில் நிற்கிறது என்று தொழிலாளியே தன் கைப்பேசியில், தனக்குத் தெரிந்த மொழியில் பார்க்க முடிய வேண்டும். இப்போது முதலாளியோ ஏஜெண்டோ சொன்னால்தான் பலருக்குத் தெரியும்.

அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். "தம்பி, உன் பாஸ்போர்ட்டக் கொஞ்சம் எடுத்துட்டு வாய்யா."

தொழிலாளியின் கடப்பிதழை வாங்கி வைத்துக்கொள்வது 1966ஆம் ஆண்டு கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அண்ணன் அதைச் செய்வதில்லை. சமையல்காரத் தம்பி கையைத் துடைத்துக்கொண்டு மாடி அறைக்குப் போய், பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாகக் கொண்டுவந்தார். பழைய மருத்துவப் படிவத்தின் நகலையும் பக்கத்தில் விரித்தோம். மூவரும் தலையைக் குனிந்து எழுத்து எழுத்தாகப் பார்த்தோம். எண் சரி. பிறந்த தேதி சரி. பெயரில் ஒரு "எச்" படிவத்தில் இருந்தது, கடப்பிதழில் இல்லை.

"இதுக்குப் போய் என்னை அனுப்பிடுவாங்களாண்ணே?" என்றார் தம்பி.

"பாஸ் முடிய இன்னும் நாலு மாசம் இருக்கு, பயப்படாதே. நாளைக்கே கிளினிக்குல போய்ச் சொல்லி மாத்திடுவோம்" என்று சொல்லிவிட்டு, அண்ணன் கல்லாவுக்குப் பின்னால் தொங்கிய முருகன் படக் காலண்டரை இறக்கி மேசைமேல் வைத்தார். பாஸ் முடியும் தேதியில் சிவப்புப் பேனாவால் ஒரு வட்டம் போட்டார். பிறகு தாள்களைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே வந்து, அதற்கு மூன்று மாதம் முந்திய தேதியில் இன்னொரு வட்டம் போட்டு, பக்கத்தில் தம்பியின் பெயரைக் கடப்பிதழைப் பார்த்தபடியே எழுதினார்.