சொல்லத்தகாச் சொற்கள்

சேர்வராயன் மலையில் ஏற்காட்டை அடுத்துள்ள சிற்றூர் ஒன்று கரடியூர் எனப்படும். அவ்வூர்ப்பெயரில் கரடி என்னும் சொல் ஒளிவுமறைவின்றி நிற்கின்றது. ஆங்கிலத்திலோ அவ்விலங்கின் பழம்பெயரே மறைந்துபோயிற்று. இன்று வழங்கும் 'பேர்' என்பது 'பழுப்பு நிறத்தது' எனப் பொருள்படும் மாற்றுப்பெயர் என்பர் மொழிநூலார் பலர். உருசிய மொழியில் அதன் பெயர் 'தேனுண்பது' என்னும் பொருளது. பெயர் சொன்னால் விலங்கு வந்துவிடும் என்னும் அச்சமே இதற்குக் காரணம் என்று கருதுவர். ஒரு சமுதாயம் எவற்றைச் சொல்ல அஞ்சுகின்றது, எவற்றைச் சொல்ல நாணுகின்றது என்பதைக் கொண்டு அதன் உள்ளத்தை அறியலாம். அதனை ஈண்டு ஆராய்வோம்.

அச்சத்தால் விலக்கிய சொற்கள் தமிழிலும் உள. நஞ்சுடைய நாகம் 'நல்ல பாம்பு' ஆயிற்று. வைசூரி 'அம்மை' ஆயிற்று. அந்நோய் உலகினின்று ஒழிந்ததென 1980-இல் அறிவிக்கப்பட்ட பின்னரும் தட்டம்மை, சின்னம்மை என்னும் பெயர்களில் அச்சொல் வாழ்கின்றது. விளக்கை அணைத்தல் என்னாது குளிரவைத்தல் என்பதும், 'போகிறேன்' என்னாது 'போய் வருகிறேன்' என்பதும் இவ்வகையின. நன்னூலார் இதனை மங்கலம் என்றார். இறந்தாரைத் துஞ்சினார் என்றல் உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு.

நாணத்தால் விலக்கியன மற்றொரு வகை. அவையில் சொல்லத்தகாத சொல்லை மறைத்துக் கூறுக என்பது தொல்காப்பியர் விதி. நெடுங்காலம் வழக்கில் பயின்ற சொல்லை மறைக்க வேண்டா என்று அவரே விலக்கும் கூறினார். ஆப்பி, பிழுக்கை என விலங்கின் கழிவைக் குறிக்கும் சொற்கள் அவ்விலக்கின்பாற்படும். ஆகவே இழிவு பொருளில் இல்லை, வழக்கில் உள்ளது என்பது பெறப்படும். டச்சு மொழியினின்று வந்த 'கக்கூசு' ஒருகால் இயல்பாக வழங்கியது. இன்று அதனைக் கூசிக் கழிப்பறை என்கிறோம்.

ஆங்கிலேயர் வரலாறு வேறு வகையில் தொடங்குகின்றது. அவர்தம் மொழியில் சூளுரைத்தலுக்கும் வைதலுக்கும் சொல் ஒன்றே. இறைவன் பெயரை வீணே சொல்லுதலே அவர்க்குப் பெருங்குற்றமாக இருந்தது. நாடக மேடையில் அங்ஙனம் சொன்னார்க்கு 1606-ஆம் ஆண்டுச் சட்டம் பத்துப் பவுன் தண்டம் விதித்தது. 1745-ஆம் ஆண்டுச் சட்டம் கூலியாளுக்கு ஒரு சில்லிங்கும் பெருமகனுக்கு ஐந்து சில்லிங்கும் எனத் தண்டத்தைத் தரம் பிரித்தது. 1967-இல் அது நீக்கப்பட்டது. நாளடைவில் உடலைப் பற்றிய சொற்களும், பின்னர் இனத்தைப் பழிக்கும் சொற்களும் அங்கே பெருங்குற்றமாயின. தமிழரோ 'முருகா' என்று கூவுதலைக் குற்றமாகக் கொண்டதில்லை.

நம் நாட்டில் சாதிப்பெயரால் வைதல் நெடுங்காலம் நாணமின்றி நிகழ்ந்தது. உடலுறுப்பின் பெயரைச் சொல்லக் கூசிய நா, உடன்வாழ்வானை இழித்துரைக்கக் கூசவில்லை. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989-இல் இயற்றப்பட்டது. 2016-இல் நடைமுறைக்கு வந்த அதன் திருத்தம், அம்மக்களைப் பிறர் பொதுமக்கள் பார்வைக்குட்பட்ட இடத்தில் சாதிப்பெயர் சொல்லி வைதலைத் தனிக்குற்றமாக வகுத்தது. ஆறு திங்களுக்குக் குறையாது ஐந்தாண்டு வரை சிறை உண்டு. சேர்வராயன் மலைவாழ் மலையாளிப் பழங்குடியினர்க்கும் இது காவலாகும். பொதுவிடத்தில் ஆபாசச் சொல் கூறுதற்கோ சிறை மூன்று திங்களுக்கு மேற்படாது. எவ்விழிவு பெரிது என்பதைச் சட்டம் இங்ஙனம் நிறுத்துக் காட்டுகின்றது.

அச்சமும் நாணமும் விலக்கிய சொற்களோடு அறம் விலக்கும் சொற்களும் இன்று சேர்ந்துள்ளன. ஆயினும் உள்ளம் மாறாவிடின் மாற்றுச்சொல்லும் கக்கூசு போலவே நாளடைவில் மாசுபடும். ஆதலின் சொல்லை மறைத்தல் நாகரிகத்தின் தொடக்கமே; சொல்லப்படுவானை மதித்தலே அதன் நிறைவு என்க.