சைலன்சருக்குள் ஒரு வேதி உலை

சென்னை பாடி மேம்பாலத்தில் விரையும் புதிய பைக்குகளின் சைலன்சருக்குள் கைக்கடக்கமான வேதி உலை ஒன்று இருக்கிறது. பெயர் வினையூக்கி மாற்றி. இங்கே அதை வெட்டித் திறந்து வைத்திருக்கிறோம்.

இரும்பு, குரோமியம், அலுமினியம் கலந்த தகடு. தடிமன் சுமார் 0.05 மில்லிமீட்டர், தலைமுடி அளவுதான். நெளித்த தகட்டையும் தட்டைத் தகட்டையும் சேர்த்து, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டி, வெற்றிடச் சூளையில் பற்றவைக்கிறார்கள். நூற்றுக்கணக்கான நுண்குழல்கள் உண்டாகின்றன. சூடேற்றினால் தகட்டிலுள்ள அலுமினியம் மேற்பரப்புக்கு வந்து ஆக்சைடு தோலாகப் படிகிறது. இந்த வேலைப்பாட்டிலேயே அழகான இடம் இதுதான்: வெளியிலிருந்து பூசும் அலுமினாவும், அதில் தங்கும் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியமும் உலோகம் தானே வளர்த்த அந்தத் தோலைப் பற்றித்தான் நிற்கின்றன.

வெப்பநிலை சுமார் 300 டிகிரி செல்சியஸை எட்டியதும் கார்பன் மோனாக்சைடும் எரியாத பெட்ரோலும் கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறுகின்றன. நைட்ரஜன் ஆக்சைடுகளிலிருந்து நைட்ரஜன் பிரிகிறது.

ஈயம் இந்த மாற்றிக்கு நஞ்சு. 1995 ஏப்ரலில் சென்னை உள்ளிட்ட 4 பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு இது கட்டாயமானபோது, ஈயம் கலக்காத பெட்ரோலும் கூடவே விற்பனை நிலையங்களுக்கு வந்தது.

மருந்து ஆய்வகங்களின் நுண் உலைகளிலும் மெல்லிய தகடுகளால் நுண்குழல்களை உண்டாக்கும் இதே உத்தி உண்டு: தகடுகளில் நுண்வாய்க்கால் அரித்து, அடுக்கி, சூட்டிலும் அழுத்தத்திலும் ஒரே கட்டியாக இணைக்கிறார்கள்.