புது நாட்டில் முதல் மாதம்: சீனியரிடம் எதைக் கேட்கலாம், எதை செக் பண்ணணும்?

மேல்படிப்புக்கு வெளிநாடு கிளம்பும் பிள்ளைகள் இருக்கும் தெருக்கள் மேற்கு மாம்பலத்தில் நிறைய. ஆரிய கவுடா சாலை கடைகளில் பொடி வகைகளும் குட்டி குக்கரும் வாங்கி பெட்டி கட்டியாச்சு. அடுத்த வேலை? போகிற ஊரின் தமிழ் மாணவர் வாட்ஸ்அப் குரூப்பில் சேர்வதுதான்.

அந்த குரூப் எதற்கு உதவும், எங்கே கைவிடும்? ஜெர்மனியை வைத்துப் பார்ப்போம். 2023-24 குளிர்கால செமஸ்டரில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் 49,000-க்கும் மேல். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் முதலிடம்.

ஏன் சீனியர் தேவை?

அங்கே எல்லாமே ஒன்றோடு ஒன்று கோத்த சங்கிலி. வீட்டுக்குக் குடிபோன இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். இதற்குப் பெயர் ‘அன்மெல்டுங்’. அதற்கு வீட்டு உரிமையாளரின் கடிதம் வேண்டும். பதிவு செய்தால்தான் வரி எண் தபாலில் வரும். பார்ட் டைம் வேலையில் சேர்ந்தால் அந்த எண்ணைக் கேட்பார்கள். ஆக, வீடு கிடைக்கலைன்னா மற்றதும் நகராது.

இந்த இடத்தில்தான் சீனியர் கைகொடுக்கிறார். சில நாள் தங்க இடம் தருகிறார். எந்த ஏரியாவில் வாடகை குறைவு என்கிறார். வீட்டைப் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பாதே, அது மோசடியா இருக்கலாம் என்று எச்சரிக்கிறார். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், சனிக்கிழமையே அரிசி வாங்கிடு என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும். வேலை தேடி சென்னைக்கு வந்தவர்களுக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் அறை நண்பர் செய்த அதே உதவிதான் இது.

எங்கே கவனம்?

சீனியர் சொல்வது அவர் வந்த வருடத்து விதி. அது மாறியிருக்கலாம். மாணவர்கள் வருடத்துக்கு 120 முழு நாள் வேலை செய்யலாம் என்பது பழைய கணக்கு. 2024 மார்ச் முதல் 140 நாள். விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்ட்டில் காட்ட வேண்டிய தொகையும் 2024 செப்டம்பரில் 11,208 யூரோவிலிருந்து 11,904 யூரோ ஆனது. எனவே தேதி, தொகை, விசா என்றால் தூதரக இணையதளத்தையும் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தையும் பார்த்து உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று: நீங்கள் தங்காத வீட்டு முகவரியில் பதிவு செய்துகொள்ளச் சொல்லும் ‘உதவி’ வேண்டாம். அது சட்டவிரோதம். பெரிய அபராதம் வரலாம்.

கேட்கத் தயங்கும் கேள்வி

வீடு, பேங்க் பற்றியெல்லாம் குரூப்பில் கூச்சமில்லாமல் கேட்கிறோம். "அண்ணா, தனியா இருக்கிற மாதிரி இருக்கு" என்று எழுதத்தான் கை வருவதில்லை. டிசம்பரில் பெர்லினில் பகல் எட்டு மணி நேரம்கூட இல்லை. அங்கே இரவு பத்து மணிக்கு மனசு கனத்தால், மாம்பலத்தில் அப்போது அதிகாலை இரண்டரை. அம்மாவை எழுப்ப மனசு வராது. அந்த நேரத்துக்கு உள்ளூரிலேயே ஒரு ஆள் வேண்டும்.

மாணவர்களின் பேச்சை மாணவர்களே காதுகொடுத்துக் கேட்கும் ‘நைட்லைன்’ போன் சேவை 1970-ல் இங்கிலாந்தின் எஸ்ஸெக்ஸ் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ஜெர்மனியில் முதலில் ஹைடெல்பெர்க்குக்கு வந்து, பிறகு மற்ற ஊர்களுக்கும் பரவியது. பெயர் சொல்லத் தேவையில்லை. மாணவர் நல அமைப்பான ‘ஸ்டுடியரெண்டன்வெர்க்’ மூலம் மனநல ஆலோசனையும் பெறலாம். அவசர உதவிக்கு 112.

சீனியர்களுக்கும் ஒரு வார்த்தை. புதுசா வந்த தம்பி, தங்கை குரூப்பில் திடீரென அமைதியானால், "சாப்டியா?" என்று தனியா ஒரு மெசேஜ் போடுங்கள். பதிலுக்கு அவர் உங்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம். அடுத்த பேட்ச்சுக்கு அதையே செய்தால் போதும்.