ஸ்பொண்டெயோ: உரோமரின் வாக்குறுதிச் சொல்

கிரேக்க உரோம நாகரிகம் பயிலும் மாணவர் பலர், உரோமரின் வாக்குறுதி முறையை 'வாய்மொழி ஒப்பந்தம்' என்ற இரு சொற்களில் முடித்துவிடுகின்றனர். வாயால் பேசிக்கொண்ட எதுவும் சட்டப்படி செல்லும் என்று அதற்குப் பொருள்கொள்வது தவறாகும்.

'ஸ்பொண்டெயோ' என்ற இலத்தீன் சொல்லின் பொருள் 'உறுதியளிக்கிறேன்' என்பதாகும். இச்சொல் இடம்பெறும் ஒப்பந்த முறை 'ஸ்ரிப்புலாற்றியோ' எனப்பட்டது. இது வினாவும் விடையுமாக அமையும். கடன் கொடுப்பவர், "நூறு தருவதாக உறுதியளிக்கிறாயா?" என்று கேட்பார். மற்றவர் "ஸ்பொண்டெயோ" என்பார். அவ்வளவுதான். சாட்சியோ எழுத்தோ கட்டாயமில்லை. ஆனால், கேட்ட வினைச்சொல்லாலேயே விடை கூறவேண்டும். உறுதியளிக்கிறாயா என்று கேட்டதற்கு "தருவேன்" என்றால் ஒப்பந்தம் இல்லை. பத்துக் கேட்க ஐந்துக்கு உடன்பட்டாலும் அது செல்லாது என்பது கி.பி. 2ஆம் நூற்றாண்டுச் சட்ட அறிஞர் காயுஸின் கருத்து. பேசவும் கேட்கவும் வேண்டியிருந்ததால், வாய் பேசாதோரும் காது கேளாதோரும் இம்முறையில் ஒப்பந்தம் செய்ய முடியவில்லை. மேலும், 'ஸ்பொண்டெயோ' உரோமக் குடிகளுக்கே உரியது. அந்நியர் 'புரொமித்தோ' போன்ற வேறு சொற்களைப் பயன்படுத்தலாம். கிரேக்க மொழியிலும் கூறலாம். சொற்கள் பற்றிய இந்தக் கண்டிப்பு கி.பி. 472இல் பேரரசர் லியோவின் கட்டளையால் நீங்கியது.

கடனாளிக்காகப் பிணை நிற்பவரும் இதே சொல்லைக் கூறுவார். அவர் பெயர் 'ஸ்பொன்சர்'. வெளிநாடு செல்வதற்கு ஸ்பொன்சர் தேடும் நம்மவர் வாயில் அன்றாடம் புழங்கும் சொல் இதுவே! திருமணத்திற்கு நிச்சயிக்கப்பட்ட பெண்ணை 'ஸ்பொன்சா' என்று அழைத்ததும் இவ்வடியிலிருந்தே.

பிணை நிற்பதன் பாரத்தை விளங்கிக்கொள்ள ஒரு சம்பவம் உதவும். கி.மு. 321இல் கோடியக் கணவாயில் உரோமப் படை சம்னைற்றரிடம் அகப்பட்டது. கொன்சல்களும் படை அதிகாரிகளும் சமாதானத்துக்கு வாக்களித்துப் படையை மீட்டனர். ஆனால் அது மக்களின் ஆணைபெற்ற உடன்படிக்கை அன்று, அதிகாரிகள் தாமே அளித்த வாக்கு என்று கூறி உரோம் அதனை ஏற்க மறுத்ததாக வரலாற்றாசிரியர் லிவி எழுதுகிறார். வாக்களித்தவர்கள் பகைவரிடமே ஒப்படைக்கப்பட்டனராம்.  இவ்விவரங்களை ஆய்வாளர் பலர் ஐயுறுகின்றனர். எனினும், மக்கள் செய்யும் உடன்படிக்கைக்கும் தனியாள் அளிக்கும் வாக்குக்கும் உரோமர் கண்ட வேறுபாடு இதில் தெளிவாகும். சம்னைற்றர் அந்த வாதத்தை ஏற்கவில்லை. வாக்கு வேண்டாமென்றால் படை முழுவதையும் மீண்டும் அதே கணவாயில் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்று கேட்டு, வந்தவர்களைத் திருப்பி அனுப்பிவிட்டனர்.