குளியலறைக்குள் ஒரு ரோம் நகரம்!

கோடை விடுமுறை விட்டால் போதும்... ஊட்டி, கொடைக்கானல் என்று குளிர்ந்த இடம் தேடி ஓடுகிறோம். ஆனால், "எங்கே வெயில் கொளுத்துகிறதோ, அங்கே போகிறோம்" என்று கிளம்புபவர்களும் இருக்கின்றனர். மாரத்தான் ஓட்டக்காரர்கள்தான் அவர்கள்! வெப்பமான ஊரில் போட்டி என்றால், இரண்டு வாரம் முன்பே அப்படியொரு ஊருக்குப் போய் ஓடிப் பழகுவர்.

இங்கிலாந்தைச் சேர்ந்த டான் தாம்சன் வேறு வழி கண்டுபிடித்தார். வெயிலைத் தன் வீட்டுக்கே வரவழைத்து விட்டார்!

இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்த தாம்சன், வேக நடை வீரர். மாரத்தான் 42 கி.மீ.,தான்; இவர் கலந்து கொண்டதோ, 50 கி.மீ., நடைப் போட்டி! 'நடைதானே' என்று சிரிக்காதீர்கள். மணிக்கு 11 கி.மீ.,க்கும் மேல் நடப்பர். அந்த வேகத்துக்கு நீங்கள் ஓடித்தான் ஆக வேண்டும்.

1956ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நடந்தார் தாம்சன். கடுமையான வெப்பம். உடம்பில் நீர் வற்றிப் போய், போட்டியை முடிக்க முடியாமல் விழுந்தார். அடுத்த ஒலிம்பிக் 1960ல், ரோம் நகரில். அங்கும் வெயில் காய்ச்சும். குளிர் நாட்டில் இருந்து கொண்டு அதற்கு எப்படித் தயாராவது?

வீட்டுக் குளியலறைக்குள் புகுந்தார். ஹீட்டர், மண்ணெண்ணெய் ஸ்டவ், கெட்டிலில் கொதிக்கும் தண்ணீர்... அறை முழுக்க ஆவி. வெப்பம் 38 டிகிரி செல்ஷியசைத் தொட்டதும், கனத்த உடையைப் போட்டுக் கொண்டு, அந்தச் சின்ன இடத்திலேயே உடற்பயிற்சி செய்தார். வீட்டில் மற்றவர்கள் எப்போது குளித்தார்களோ தெரியவில்லை!

இதனால் என்ன பயன் என்கிறீர்களா? மண்பானையில் தண்ணீர் ஏன் ஜில்லென்று இருக்கிறது? கசியும் நீர் ஆவியாகும் போது, சூட்டையும் எடுத்துக் கொண்டு போகிறது. நம் வியர்வையும் அப்படித்தான். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகச் சூட்டில் பழகினால், ஒன்றிரண்டு வாரத்தில் உடம்பே பாடம் கற்றுக் கொள்ளும். ரத்தத்தில் நீர் கூடும். வியர்வை சீக்கிரமே சுரக்கும். அதில் வீணாகும் உப்பும் குறையும். ஆனால், காற்றில் ஈரம் அதிகம் இருந்தால் வியர்வை ஆவியாகாமல் சும்மா வழியும். 2019ல் தோஹாவில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் பெண்கள் மாரத்தானை நள்ளிரவில் வைத்தும், ஓடிய 68 பேரில் 28 பேர் பாதியில் நின்றதற்கு, சூட்டோடு இந்தப் புழுக்கமும் காரணம்.

அதனால், குளிரான ஊரிலிருந்து விடுமுறைக்கு வெயில் ஊருக்குப் போகும் சுட்டிகள், போன அன்றே மதியத்தில் கிரிக்கெட் மட்டையைத் தூக்க வேண்டாம். முதல் வாரம் காலையிலும் மாலையிலும் மட்டும், கொஞ்ச நேரம் விளையாடுங்கள். தலை சுற்றினாலோ, குமட்டினாலோ உடனே நிழலுக்கு வந்து, பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

சரி, தாம்சன் என்ன ஆனார்? 1960 செப்டம்பர் 7. ரோமில் 30 டிகிரிக்கும் மேல் வெயில். கறுப்புக் கண்ணாடி, பிடரியில் துணி தொங்கும் தொப்பியுடன் நடந்தார் தாம்சன். கடைசி வரை விடாமல் துரத்தியவர், 1948ல் இதே போட்டியில் தங்கம் வென்ற ஸ்வீடன் வீரர் ஜான் யுங்கிரேன். நான்கே கால் மணி நேரத்துக்கும் மேல் நடந்த பிறகு, இருவருக்கும் இடையே இருந்தது வெறும் 17 வினாடி! தாம்சனுக்குத் தங்கம். அந்த ஒலிம்பிக்கில் தடகளத்தில் பிரிட்டனுக்குக் கிடைத்த ஒரே தங்கமும் அதுதான். ஆள் குள்ளம் என்பதால், இத்தாலிக்காரர்கள் அவருக்கு 'சுண்டெலி' என்று செல்லப் பெயர் வைத்தனர்.

குளியலறையில் பயிற்சி செய்யும் போது தாம்சனுக்கு அடிக்கடி தலை சுற்றும். சூட்டினால் என்றுதான் நினைத்திருந்தார். பல ஆண்டுகள் கழித்துத்தான் உண்மை புரிந்தது... மூடிய அறையில் எரிந்த ஸ்டவ்விலிருந்து வந்த கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயுதான் காரணம். உயிரையே பறித்திருக்கும்! அதனால் குட்டீஸ், உங்கள் வீட்டுக் குளியலறை குளிப்பதற்கு மட்டும்தான்... சரியா?