வரப்பும் செயற்கைக்கோளும்

திருக்கனூர்ப் பகுதியில் புதுச்சேரி நிலமும் தமிழ்நாட்டு நிலமும் பின்னிக் கிடக்கின்றன. இங்கு வரப்பு ஒரு முழம் நகர்ந்தால் இரு குடும்பங்களிடையே வழக்கு மூளும். சிலவிடங்களில் இரு அரசுகளின் எல்லையே ஐயத்துக்குள்ளாகும். கைப்பேசி காட்டும் இடம் சில மீட்டர் பிழையுடையது. ஊருக்கு வழி காண அது போதும். எல்லைக்கல் நடப் போதாது.

வழிகாட்டும் செயற்கைக்கோள்கள் ஏறத்தாழ 20,000 கி.மீ. உயரத்திலிருந்து தம் இருப்பிடத்தையும் நேரத்தையும் வானொலி அலைகளாக அனுப்புகின்றன. அலை வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை ஒளியின் வேகத்தால் பெருக்கினால் தொலைவு கிடைக்கும். மூன்று கோள்களின் தொலைவு இடத்தைக் காட்டும். அலைவாங்கியின் கடிகாரப் பிழையைக் களைய நான்காவது கோள் வேண்டும். நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு பிசகினாலே தொலைவு 30 செ.மீ. மாறிவிடும். வளிமண்டலத்தின் அயனி அடுக்கு அலையைத் தாமதப்படுத்துவது வேறு.

ஆகவே நில அளவையர் இரண்டு அலைவாங்கிகளைப் பயன்படுத்துகின்றனர். இருப்பிடம் துல்லியமாகத் தெரிந்த புள்ளியில் ஒன்று அசையாது நிற்கும். கோள்களின் கணக்கு அவ்விடத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அது கண்டறிந்து, வயலில் நடக்கும் மற்றொன்றுக்கு உடனுக்குடன் அனுப்பும். அருகருகே இருப்பதால் இரண்டுக்கும் பிழை ஏறக்குறைய ஒன்றே. சுமார் 19 செ.மீ. நீளமுள்ள அலையின் ஏற்றஇறக்கத்தையும் சேர்த்து அளப்பதால் பிழை ஓரிரு சென்டிமீட்டராகச் சுருங்குகிறது.

தெரிந்த புள்ளியிலிருந்து தெரியாததை அளக்கும் இம்முறை புதிதன்று. 1802இல் லாம்டன் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து, அதிலிருந்தே முக்கோணங்களை விரித்தார்.

அடர்ந்த தென்னந்தோப்புக்குள் மட்டும் மட்டைகள் அலைகளை மறைத்துவிடும். அங்கே இன்றும் தோப்புக்கு வெளியே புள்ளி குறித்து, அங்கிருந்து உள்ளே அளந்து செல்கின்றனர்.