அடிபம்பு கற்றுத்தந்த பாடம்

மாணவர்களே! தெருமுனையில் நிற்கும் அடிபம்பை நீங்கள் அடித்திருப்பீர்கள். அதன் தலைப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று எப்போதாவது பார்த்ததுண்டா? மிதிவண்டியில் இருப்பதைப் போன்ற ஒரு சங்கிலி அங்கே இருக்கிறது. அது அங்கு வந்த கதை சுவையானது.

1960களின் இறுதியில், வறட்சியைச் சமாளிக்க நம் நாட்டின் பாறைப் பகுதிகளில் ஆழ்துளைக் கிணறுகள் தோண்டப்பட்டன. அவற்றின் மேல் வார்ப்பிரும்புப் பம்புகள் பொருத்தப்பட்டன. 1970களின் நடுவில் கணக்கெடுத்தபோது, பெரும்பாலான பம்புகள் பழுதாகிக் கிடந்தன. கிணற்றில் நீர் இருந்தது. பெண்களோ பழையபடி குடத்துடன் நெடுந்தூரம் நடந்தார்கள்.

தவறு எங்கே? அப்பம்புகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு பண்ணைக் குடும்பம் நாளுக்குச் சில முறை அடிப்பதற்காக உருவானவற்றின் நகல்கள். நம் கிராமத்தில் விடிந்தது முதல் இருட்டும்வரை ஊரே அடித்தது. பம்பைப் பற்றி யோசித்தவர்கள் அதை அடிப்பவரைப் பற்றி யோசிக்கவில்லை!

இனி இயற்பியலுக்கு வருவோம். கைப்பிடி ஒரு நெம்புகோல். அதன் முனை வட்டவில்லில் நகரும். கிணற்றுக்குள் இறங்கும் கம்பியோ செங்குத்தாக நகர வேண்டும். இரண்டையும் ஆணியால் நேரடியாக இணைத்தால், ஒவ்வோர் அடிக்கும் கம்பி பக்கவாட்டில் இழுபடும், இணைப்பு தேயும். மகாராஷ்டிரத்தில் ஜால்னா, சோலாப்பூர் வட்டாரங்களில் கிராமங்களுக்குப் பம்பு அமைத்துவந்த தொண்டர்களும் மெக்கானிக்குகளும் இதற்கு வழி கண்டனர். கைப்பிடி முனையை வட்டவில்லாக வளைத்து, அதன்மேல் சங்கிலியைத் தொங்கவிட்டால், சங்கிலி எப்போதும் ஒரே செங்குத்துக் கோட்டில் இறங்கும் அல்லவா?

யுனிசெஃப், மத்திய அரசு, சென்னையிலிருந்த ஆய்வு நிறுவனம், தொழிற்சாலை எல்லாம் கைகோத்து அந்த யோசனையைச் செம்மைப்படுத்தின. கோவை வட்டாரக் கிணறுகளில், மக்கள் அன்றாடம் அடிக்க அடிக்கச் சோதனை நடந்தது. இப்படிப் பிறந்ததுதான் 'இந்தியா மார்க் 2'.

ஒரு கணக்குப் போடுங்கள். நீர்மட்டம் 24 மீட்டர் ஆழம்; பம்பு உருளையின் விட்டம் 6.35 செ.மீ. தூக்க வேண்டிய நீர் சுமார் 76 கிலோ; கம்பி சுமார் 20 கிலோ. நெம்புகோலின் விகிதம் 8:1 என்றால் கைக்கு வரும் பாரம் 12 கிலோதான்! சங்கிலியால் இழுக்க முடியும், தள்ள முடியாது. பிஸ்டனைக் கீழே இறக்குவது கம்பியின் சொந்த எடையே. ஆகவே ஆழம் குறைந்த கிணற்றுக்கு இந்த ஏற்பாடு அவ்வளவாகப் பொருந்தாது.

கதை அத்துடன் முடியவில்லை. உள்ளே ஒரு தோல் வாஷர் தேய்ந்தாலும் குழாய் முழுவதையும் வெளியே தூக்க வேண்டியிருந்தது. அதற்கு வண்டியும் ஆட்களும் நகரத்திலிருந்து வரவேண்டும். அதுவரை ஊருக்குத் தண்ணீர்? 1980களில் கோவை வட்டாரத்தில் மீண்டும் ஆய்வு நடந்தது. குழாய் அகலமாக்கப்பட்டது, பிஸ்டனை அதன் வழியாகவே வெளியே எடுக்க முடிந்தது. இதுவே 'மார்க் 3'. ஊராரே பழுதுபார்க்கும் நிலை வந்தது. 1990களில் உத்தரப் பிரதேசத்தின் பாந்தா மாவட்டத்தில் கிராமப் பெண்களே பம்பு மெக்கானிக்குகளாகப் பயிற்சி பெற்றனர்.

இன்று பல ஊர்களில் மின்மோட்டார் வந்துவிட்டது. ஆயினும் பாடம் பழையதாகவில்லை. நீங்கள் நாளை எந்தக் கருவியை அமைத்தாலும் முதலில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இதை யார் பயன்படுத்துவார்? நாளுக்கு எத்தனை முறை? பழுதானால் யார் சரிசெய்வார்? விடை உங்கள் பாடநூலில் இருக்காது. குடத்துடன் வரிசையில் நிற்பவரிடம் கேட்டுப் பாருங்கள்.